நாலு விரல் மடிப்பு

மாஸ்டருக்கு டேப்பே தேவையில்லை என்பார்கள். ஆள் கடைப் படி ஏறும்போதே தோளையும் இடுப்பையும் கண்ணால் எடைபோட்டுவிடுவார். அதன்பிறகு டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவரின் மனத்திருப்திக்குத்தான். தொப்பையை எக்கிக்கொண்டு நிற்பவர்களிடம், "மூச்ச விடுங்க சார், சட்டை போட்ட பிறகும் மூச்சு விடணும்ல" என்பார். இருக்கிற உடம்புக்குத்தான் தைக்க வேண்டும், இருக்க ஆசைப்படுகிற உடம்புக்குத் தைக்கக் கூடாது. இது அவருடைய தொழில் வேதம். இப்படி வாய் கிழியப் பேசும் மனிதர்தான் தன் மூத்த மகள் விஷயத்தில் பதினாறு வருஷமாக அந்த வேதத்தைக் காற்றில் பறக்கவிட்டிருந்தார்.

பெரியவள் பன்னிரண்டு வயதோடு வளர்வதை நிறுத்திக்கொண்டாள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இனிமே இவ்வளவுதான். மத்தபடி பொண்ணு நல்லா இருக்கா, நல்லா படிக்க வைங்க" என்று நேராகவே சொன்னார். மாஸ்டருக்கு அந்த டாக்டரைப் பிடிக்காமல் போய்விட்டது. இன்னும் மூன்று பேரிடம் அழைத்துப் போனார். அவர்களும் அதையே கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னதால் அவர்களையும் பிடிக்கவில்லை. அறைக்கதவுக்கு மேலே ஒரு கம்பியை மாட்டி, தினம் இருபது நிமிஷம் அதில் தொங்கச் சொன்னார். அவள் தொங்கிக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பித்தாள். மூன்று வயது இளைய சின்னவளோ மடமடவென்று வளர்ந்து அக்காவின் தோளைத் தாண்டி, தலையையும் தாண்டிப் போனாள்.

வளர்கிற பிள்ளையின் உடுப்பில் கீழே நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பது எல்லாத் தையற்காரர்களும் செய்வதுதான். பிள்ளை உயர்ந்ததும் மடிப்பைப் பிரித்துவிட்டால் உடுப்பு இன்னொரு வருஷம் ஓடும். சின்னவளின் மடிப்புகள் வருஷம் தவறாமல் பிரிந்தன. பெரியவளுடையது ஒன்றுகூடப் பிரியவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அவளை நிற்கவைத்துக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை அளப்பார். டேப் முப்பத்தெட்டு அங்குலம் என்றது. அளவு நோட்டில் முப்பத்தெட்டேகால் என்று எழுதினார். அடுத்த வருஷமும் டேப் முப்பத்தெட்டு, நோட்டில் முப்பத்தெட்டரை. வேறு யாருடைய அளவிலும் நூலிழை பிசகாத மனிதர் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கூசாமல் பொய் எழுதினார். எழுதியபடியே துணியையும் வெட்டினார். மிஞ்சியதை உள்ளே தள்ளிக் கையால் தைப்பது அவர் மனைவியின் தலையெழுத்து. மடிப்பு வருஷா வருஷம் கனத்தது. இப்போது நோட்டுப்படி பெரியவள் நாற்பத்திரண்டு.

அவளுக்கு வயது இருபத்தெட்டு ஆகிறது. ஒரு பெரிய மருந்துக்கடையில் ஆறு வருஷம் மரப்பெட்டிமேல் ஏறி நின்று மருந்து கொடுத்தவள், இப்போது சொந்தமாகக் கடை போடுகிறாள். அங்கே மருந்து கொடுக்கும் மேஜையைத் தன் இடுப்பு உயரத்துக்கே செய்யச் சொன்னாள். தச்சர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். "வர்றவங்க கொஞ்சம் குனிஞ்சு வாங்கட்டும் அண்ணே. முதுகுவலி வந்தா மாத்திரையும் நம்மகிட்டதானே இருக்கு" என்றாளாம்.

கடை திறக்க ஒரு வாரம் இருக்கும்போது அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, திறக்கிற அன்னிக்குப் போட்டுக்க ஒரு வெள்ளைக் கோட் தைச்சுக் குடுங்க. ஆனா உள்மடிப்பு வேண்டாம்."

"சரிம்மா."

"சரின்னு சொல்லிட்டு வழக்கம்போலப் பண்ணிடக் கூடாது."

"அதான் சரின்னுட்டேனே!"

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னார். மேஜையில் வெள்ளைத் துணியை விரித்துச் சாக்கட்டியை எடுத்தபோதும் மனசு சரியாகத்தான் இருந்தது. கீழ் ஓரத்துக்கு வந்ததும் கை நின்றது. துவைத்தால் சுருங்குமே என்று தோன்றியது. சுருங்காத துணி என்பது அவருக்குத் தெரியாததா! நாலே நாலு விரல் மட்டும் விட்டார். ஒரு சாண் விட்டுப் பழகியவருக்கு அதுவே பெரிய தியாகமாகத் தெரிந்தது.

கோட்டைக் கையில் வாங்கிய மனைவி மடிப்பைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். "என்னங்க, மறுபடியுமா?"

"துணி இருந்துட்டுப் போகட்டும். அதென்ன சோறா கேக்குது?"

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள். பதினாறு வருஷமாக அவளும் இப்படித்தான் பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டாள்.

கடை திறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் பெரியவள் வந்து கோட்டைப் போட்டுப் பார்த்தாள். தோள் கனகச்சிதம். கை அளவெடுத்தது மாதிரியே நின்றது. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தவளின் கை தன்னையறியாமல் கீழே போய் ஓரத்தைத் தடவியது. சிரிப்பு நின்றது.

"அப்பா, இத யாருக்குத் தைச்சீங்க?"

"உனக்குத்தாம்மா. கொஞ்சமே கொஞ்சம்தான்..."

"எட்டாவது படிக்கிறப்போ மைதானத்துல எல்லாரும் வரிசையா நிக்கிறோம். தையல் பிரிஞ்சு மடிப்பு மொத்தமும் கீழ விழுந்துடுச்சு. தரையில கெடந்து புரளுது. ஒரு பொண்ணு, 'உங்கப்பா வேற யாருக்கோ தைச்சத உனக்குப் போட்டு அனுப்பிட்டாரா'ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிலேருந்து பையில பத்து ஊக்கு வெச்சிருப்பேன். இன்னிக்கும் இருக்கு, பாக்குறீங்களா?"

மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி மேஜைமேல் வைத்தார்.

"அவ கேட்டது சரிதான்ப்பா. நீங்க வேற யாருக்கோதான் தைச்சீங்க. நெட்டையா ஒரு பொண்ணு வருவா, வருவான்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க. அவளுக்கு வேணுங்கிற துணிய நான் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சேன். நான் குள்ளம்னு எனக்கு எப்பவோ பழகிப்போச்சு, நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்குத்தான் இன்னும் நான் வந்து சேரல."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

மாஸ்டர் கத்தரியையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு அவள் எதிரே மண்டியிட்டார். கீழ் ஓரத்தைச் சரிபார்க்க எந்தத் தையற்காரரும் மண்டியிடத்தான் வேண்டும். மனைவி போட்ட தையலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தார். மடிப்பு தொங்கியது. எத்தனையோ மைல் துணி வெட்டிய கை, கத்தரியை ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தது. மடிப்பை மறுபடியும் பிரிக்கலாம், மறுபடியும் தைக்கலாம். வெட்டினால் ஒட்டாது. ஓரத்தைச் சுருட்டித் தைக்க ஒரு நூல் அகலம் மட்டும் விட்டு வெட்டினார். நாலு விரல் துணி சுற்றிவந்து அவள் பாதத்தருகே விழுந்தது.

நிமிர்ந்தார். மண்டியிட்டிருந்ததால் அவள் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. காதோரம் ஒரு நரைமுடி. மூக்குக்கண்ணாடி அழுத்தி விழுந்த தழும்பு. ராப்பகலாகப் படித்த, ஆறு வருஷம் பெட்டிமேல் நின்று நூறு பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன, பக்குவப்பட்ட ஒரு பெண்ணின் முகம். இது எப்போது இப்படி ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினாறு பிறந்தநாளிலும் இதே மாதிரி மண்டியிட்டுத்தான் அளந்தார். ஒரு நாளும் முகத்தைப் பார்க்கவில்லை. கண் கணுக்காலிலேயே இருந்தது. அவள் வளர்ந்ததையெல்லாம் கோட்டைவிட்டுவிட்டு, வளராத இடத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போன வருஷங்களில் ஒன்றைக்கூட இனிப் பிரித்துத் தைக்க முடியாது.

"அம்மாடி, தப்புப் பண்ணிட்டேன்."

அவள் மேஜையிலிருந்த டேப்பை எடுத்து நீட்டினாள். அவர் கழுத்திலிருந்து கணுக்கால்வரை அளந்தார். கண் கலங்கியதில் எண் சரியாகத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"எவ்வளவுப்பா?"

"முப்பத்தெட்டு."

"நோட்டுல எழுதுங்க."

எழுந்து போய் அவளுடைய பக்கத்தைப் புரட்டினார். நாற்பத்திரண்டுக்குக் கீழே முப்பத்தெட்டு என்று எழுதினார். அவள் எட்டிப் பார்க்க வசதியாக நோட்டைத் தாழ்த்திப் பிடித்தார்.

"அவ்வளவுதானே?" என்றாள்.

"அவ்வளவுதாம்மா."