ஆடி மாத மண்டபத்தில் ஒரு பரீட்சை

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்தை யார் சீந்துவார்கள்? அதனால்தான் சங்கரன்கோவில் ரத வீதியில் இருந்த அந்த மண்டபம், சமூகப் பணியாளர்களின் மனநலப் பயிற்சிக்குச் சல்லிசாகக் கிடைத்தது. மணமேடையில் கரும்பலகையைச் சாத்தி வைத்துக்கொண்டு, மதுரையிலிருந்து வந்த டாக்டர் தில்லைநாயகம் பத்து நாளாகப் பாடம் நடத்தினார். அவர் தலைக்கு மேல் ‘நல்வரவு’ என்று ஜிகினா எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

முதல் வரிசையில் முத்துமீனாள். பாளையங்கோட்டைக்காரி, சமூகப்பணியில் எம்.ஏ., பயிற்சி முடிந்ததும் இதே ஊரில்தான் வேலை. டாக்டர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை நீட்டுகிற ரகம். அவளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை நாறும்பூநாதன் மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறார். இது தெரிந்த நாளிலிருந்து கூடப் படித்த ஞானதுரைக்கு வேறு பிழைப்பே இல்லை. “மேடைல ஒருதரம் ஏறி ஒக்காந்து பாத்துக்கிடுங்க. ஆவணில தடுமாறக் கூடாதுல்லா?” என்பான்.

டாக்டர் நல்லதைத்தான் சொல்லிக்கொடுத்தார். “கோயிலுக்குப் போகாதே, புற்றுமண் பூசாதேன்னு யாரையும் தடுக்காதீங்க. அவங்க வழக்கம் தெரிஞ்சு, அவங்க பேச்சிலேயே மனசைக் கேளுங்க.” முத்துமீனாள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஒப்பிப்பதில் என்ன கஷ்டம்?

கடைசி நாள் செய்முறைப் பரீட்சை. மனசு சரியில்லாதவர்களைக் கோமதியம்மன் சந்நிதி முன்னால் தரையில் இருக்கும் சக்கரக் குழியில் உட்கார வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அப்படி வந்திருந்த சுந்தரம்மாளை டாக்டர் மண்டபத்துக்கு அழைத்திருந்தார். குருவிகுளம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். தையில் ஒரே மகளைப் பம்பாய்க்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து சோறில்லை, தூக்கமில்லை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள். கூட வந்த புருஷன் வாசலில் நின்றார். நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும், வீட்டாரை வெளியே அனுப்ப வேண்டும் என்பது டாக்டர் போட்ட விதி.

“இன்னிக்கு என்ன கிழமைம்மா?” என்று ஆரம்பித்தாள் முத்துமீனாள்.

“வெள்ளி.”

“நான் யாரு?”

“பாடம் படிக்க வந்த புள்ள.”

“இது எந்த ஊரு?”

சுந்தரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆத்தா ஊரு.”

“ஊர் பேரைச் சொல்லுங்க.”

“அம்மனுக்கு ஆடித் தவசுத் திருவிழா நடக்குமே, அந்த ஊரு.”

“சரி, பஸ்ல வந்தீங்களே, பஸ் போர்டுல என்ன ஊர் போட்டிருந்துச்சு?”

சுந்தரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முத்துமீனாள் எழுந்து நின்று கணீரென்று சொன்னாள். “நாள் தெரியுது, ஆள் தெரியுது. இருக்கிற இடம் மட்டும் தெரியலை, சார்.”

டாக்டரின் முகம் மாறியது. “நான் வெறும் துக்கம்னு நினைச்சேன். இடமே தெரியலைன்னா மூளையில ஏதாவது இருக்கலாம். மதுரையில ஒரு மாசம் வார்டுல வச்சுப் பார்த்துடணும்.” பிறகு புருஷனை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பெரிய நோயைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் முத்துமீனாளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் குளிர்ந்தது.

அந்த மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அய்யா, மகளைப் பம்பாய்க்கு அனுப்பித்தான் இவ இப்பிடி ஆனா. இப்ப இவளையும் ஊரைவிட்டு அனுப்பச் சொல்லுதியளே. ஒத்தையில அங்கன கெடந்தா தாங்க மாட்டாய்யா!”

“முதல்ல எழுந்திருங்க, பெரியவரே. உங்க பேரென்ன?”

“சங்கரசுப்பு.”

முத்துமீனாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய அப்பா பெயர் ஆறுமுகம். அம்மா இன்றைக்கு வரைக்கும் ஆறுமுகநேரி உப்பை ‘அந்த ஊரு உப்பு’ என்றுதான் சொல்வாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், ஒரு பெண்ணிடம் புருஷன் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அவள் சொல்லவில்லை என்றதும் மூளையில் கோளாறு என்று எழுதி அனுப்பப் பார்த்திருக்கிறாள்.

“சார், நான் தப்பு பண்ணிட்டேன். அவங்களுக்கு ஊர் தெரியும். புருஷன் பேர்ல தொடங்குற ஊரை எப்படிச் சொல்லுவாங்க?”

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அவரைக் கூட வச்சுக்கிட்டுக் கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். வெளியே அனுப்பச் சொன்னது நான்ல?”

முத்துமீனாள் நாற்காலியை விட்டுச் சுந்தரம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பாளையங்கோட்டைப் பேச்சு தானாக வந்தது. “யக்கா, இது ஒங்க வீட்டுக்காரர் பேருள்ள ஊருதான?”

“இம்புட்டு நேரம் அதத்தான கேட்டுக்கிட்டுக் கெடந்த? அத நான் எந்த வாயால சொல்ல?”

“அப்பம் தனியா வந்தா பஸ்ல எப்பிடி டிக்கெட் எடுப்பிய?”

“கடைசி ஸ்டாப்புன்னு கேப்பேன்.” சுந்தரம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏட்டி, ஒனக்குக் கலியாணம் ஆயிட்டா?”

“ஆவணிலக்கா.”

“மாப்பிள்ள பேரென்ன?”

முத்துமீனாள் வாயைத் திறந்தாள். டாக்டர் பார்க்கிறார், வகுப்பே பார்க்கிறது. மணமேடை வேறு எதிரே இருந்து தொலைத்தது. காது மடல் வரைக்கும் சிவந்ததுதான் மிச்சம், பெயர் வரவில்லை.

“கரண்டு ஆபீஸ்ல இருக்காக,” என்றாள்.

சுந்தரம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினாள். “அய்யா, இந்தப் புள்ளைக்கு மாப்பிள்ள பேரு தெரியலையாம். மதுரைக்கு இவளக் கூட்டிட்டுப் போங்க!”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஞானதுரை பெஞ்சைத் தட்டிச் சிரிக்க, மண்டபமே கலகலத்தது. முத்துமீனாளும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சங்கரசுப்பு மட்டும் சிரிக்கவில்லை. தையிலிருந்து அவர் கேட்காத சத்தம் அது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மதுரைப் பேச்சு அதோடு போயிற்று. துக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். அம்மன் சந்நிதியில் உட்காருவதையும் விட வேண்டாம் என்றார். மாதம் ஒருமுறை முத்துமீனாளிடம் வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார்.

“பேச எங்கனய்யா வரணும்?” என்று கேட்டார் சங்கரசுப்பு.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் சுந்தரம்மாள் முந்திக்கொண்டாள்.

“ஒங்க பேரு வச்ச ஊருக்குத்தான். வேற எங்க?”