நான்கு கம்பி

மூன்று மணிக்குச் சுவாமியார் வருவதாக இருந்தது. அதற்குள் செபமாலையைச் சவப்பெட்டிக்குள் கிடக்கும் அப்பாவின் கையில் வைத்துவிட வேண்டும். விரல்கள் இடம் கொடுக்கவில்லை. வலை இழுத்துத் தடித்துப்போன விரல்கள். பெற்றிசியா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். மணிகள் வழுக்கி வெள்ளைத் துணியில் விழுந்தன. கடைசியில் மாலையை மணிக்கட்டில் சுற்றி, சிலுவையை மட்டும் விரலடியில் செருகினாள்.

"அதையும் கொண்டுவந்து வை," என்றாள் அம்மா. தலைமாட்டில் இருந்தாள்.

"எதை?"

"கிற்றாரை. சனம் பாக்கட்டும். அதுக்காகத்தானே கடைசியாப் போனவர்."

அவர் போனது கொழும்பில் நெஞ்சு கிளினிக்குக்கு. கிற்றார் வாங்கிய காசு பெற்றிசியாவுடையது, பாலர் பள்ளியில் படிப்பித்துச் சேர்த்தது. அதையெல்லாம் இப்போது சொல்ல முடியாது. பிறகு கொண்டுவருவதாகச் சொன்னாள்.

கீரி ஊர்க் கோயிலில் கிற்றார் வாசித்த றெஜினோல்ட் சித்திரையில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய்விட்டான். அவனுடைய மின்கிற்றாரும் போய்விட்டது. திருநாள் வருகிறது, நீ வாசி என்றார் சுவாமியார். கோயிலில் மிஞ்சியிருந்தது பழைய மரக் கிற்றார். கழுத்து அகலம். அவளுடைய விரல்கள் குட்டை. அவள் கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கோட் பிடித்து முடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். "அக்கா, பூசையில நன்மை குடுக்க முந்தி வந்து சேருவீங்களோ?" என்று பாடகர் குழுவில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

றெஜினோல்டின் கிற்றாரை ஒருமுறை மடியில் வைத்திருக்கிறாள். மெலிந்த கழுத்து, விரலுக்குப் பக்கத்திலேயே கம்பி. கை தானாக இடம் பிடித்தது. அப்படி ஒன்றை அவளே போய், பிடித்துப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். கொழும்பு லொட்ஜுகளில் தமிழ்ப் பிள்ளைகளைப் பொலிஸ் இரவோடு இரவாக அள்ளிக்கொண்டிருந்த நேரம். அப்பா விடவில்லை. தான் பார்த்து வாங்கமாட்டேனா என்றார். ஆறு கம்பி, மெலிந்த கழுத்து, பாரம் குறைவு என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். அவர் அவளுடைய கையைத் தன் உள்ளங்கையில் வைத்து, பெருவிரலில் இருந்து சுண்டுவிரல் வரை அளந்துகொண்டார். வலைக்கண்ணை அப்படித்தான் அளப்பார்.

முந்தாநாள் பின்னேரம் வந்து சேர்ந்தார். உறையைத் திறந்தாள். நான்கு கம்பி. துடுப்பு நீளத்துக்குக் கழுத்து. அது பேஸ் கிற்றார், மற்றவர்கள் வாசிக்கும் பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரம் மட்டும் போடுவது.

கடைக்காரன் இரண்டு காட்டினானாம். விலை ஒன்றுதான். ஆறு கம்பியை அப்பாதான் வேண்டாம் என்றாராம்.

"உன்ர விரல் குட்டை, பிள்ளை. ஆறு எண்டால் நெருக்கம், சிக்கும். இது கண் பெரிசு. கம்பியும் மொத்தம், உப்புக் காத்துக்கு நிண்டு பிடிக்கும்."

வலைக்கு அது சரியான கணக்கு. அவள் மடியில் வைத்துப் பார்த்தாள். இடது கை நுனிவரை எட்டவில்லை. ஒரு கம்பியை அழுத்த முழங்கை வரை வலித்தது.

"கைக்குச் சரியோ?" என்றார்.

கதிரையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மதவாச்சிச் சோதனைச் சாவடியில் எல்லா லொறிச் சாமானையும் இறக்கி, சோதித்து, திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். ஆமிக்காரன் கேட்டபோதெல்லாம் மகளுக்கு என்று சொன்னாராம். சொல்லும்போது சிரித்தார்.

"கரண்ட் வரட்டும் அப்பா. பாப்பம்."

நேற்று விடியமுன் போய்விட்டார். கரண்ட் அதற்குப் பிறகுதான் வந்தது. இப்போதும் பெட்டிக்கு மேலே பல்ப் எரிந்துகொண்டிருந்தது. பகல் என்றும் பாராமல் ஒருவரும் அதை அணைக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் கிற்றாரைப் பற்றியே கேட்டார்கள். மூச்சு முட்ட முட்டத் தூக்கிக்கொண்டு வந்தாராமே என்றார்கள். பக்கத்து வீட்டுப் பாலம்மா அவளுடைய தோளைத் தொட்டாள்.

"ஒரு பாட்டு வாசியன், பிள்ளை. கேட்டுக்கொண்டு போகட்டும்."

"அதில பாட்டு வராது, மாமி."

"ஏன், பழுதோ?"

"பழுதில்லை."

பாலம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் இருந்தாள். காதுக்குள் ஏதோ சொன்னாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

மீன் லொறி ஓட்டும் ஹலீம் வந்தான். அப்பாவைக் கொழும்பிலிருந்து கூட்டிவந்தவன் அவன்தான். பெட்டியருகில் தலை குனிந்து நின்றான். பிறகு அவளை வேலிப்பக்கம் வரச் சொல்லிக் கண் காட்டினான்.

"தங்கச்சி, உறையைத் தூக்கக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு, இது பேஸ் எண்டு. என்ட மச்சான் கலியாண வீடுகள்ல இதைத்தான் வாசிக்கிறவன். சூசை அண்ணன்ட சந்தோசத்தைப் பாத்துட்டு நான் வாயைத் திறக்கல்ல."

பிறகு வந்த விசயத்தைச் சொன்னான்.

நாளைக் காலை அவன் கொழும்புக்குப் போகிறான். அந்தக் கடைக்காரனைத் தெரியும். போனில் கேட்டும் விட்டான். ஆறு கம்பி இன்னும் அங்கேதான் தொங்குகிறது. புதிது மாதிரியே இருந்தால் மாற்றித் தருவான். சாமானை இப்போதே எடுத்து லொறியில் வைத்துவிட்டால் நல்லது, விடிய நேரமிருக்காது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவள் யோசித்தாள். பிறகு சொல்லலாம். இரண்டு நாளில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று உள்ளறைக்குப் போனாள். ஹலீம் யன்னலுக்கு வெளியே வந்து நின்றான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து உறையை இழுத்து, கிற்றாரை வெளியே எடுத்தாள். முன்பக்கம் கண்ணாடிபோல மினுங்கியது. விரல் பட்ட இடங்களைத் துவாயால் துடைத்தாள். கம்பிகளைத் துடைத்தாள். முதுகைத் துடைக்கத் திருப்பினாள்.

ஒரு சிலுவை. அதன் கீழே இரண்டு கோடு.

அப்பாவின் குறி. சுவரில் தொங்கிய மிதப்புக் கட்டைகளில் அதுதான் இருந்தது. துடுப்பில், மீன்பெட்டிகளில், வள்ளத்தின் முன் அணியத்தில். மதவாச்சியில் சாமான்கள் மாறிப்போகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். துணி உறையில் கத்தி பிடிக்காது. மரத்திலேயே வெட்டியிருக்கிறார். ஆழமாக, இரண்டு தடவை இழுத்து.

நகத்தால் சுரண்டினாள். ஓரத்துச் சாயம் உதிர்ந்து, வெட்டு இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. துவாயை எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

வாசலில் சுவாமியாரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெண்களின் அழுகை உயர்ந்தது. அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

பெருவிரலைக் குறியின் மேல் வைத்தாள். அது மறையவில்லை.

யன்னல் கம்பிக்கு வெளியே ஹலீம் குரலைத் தாழ்த்தினான்.

"கீறல் ஒண்டும் இல்லையே, தங்கச்சி?"