வீட்டோடு மாப்பிள்ளைகள்

மூன்றாவது குளிர்காலமும் வந்துவிட்டது. க்ளெனிஸ் ரம்பத்தோடு தோட்டத்தில் இறங்கினாள்.

அப்பா விட்டுப்போன, சைடர் மதுவுக்கான ஆப்பிள் தோட்டம் அவளுக்கும் அண்ணன் டெஸ்மண்டுக்கும் பொது. பாழாய்க் கிடந்த மரங்களைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போடலாம் என்றான் அவன். மூன்று குளிர்காலம் பொறு, வெட்டிச் சீர்படுத்திக் காட்டுகிறேன் என்று மன்றாடித் தவணை வாங்கியவள் இவள். வரும் வசந்தத்தில் பூக்காவிட்டால் மரம் பிடுங்க மெஷின் வந்துவிடும்.

அவள் வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினால் மரம் மிரண்டுபோய், காய்க்காத குச்சிகளை விளக்குமாறு போலக் கிளப்பும் என்று அவளுக்குத் தெரியும். முதல் வருஷம் பட்ட கிளைகளை எடுத்தாள். அப்புறம் ஒன்றோடொன்று உரசியவை, பிறகு நடுவில் வெளிச்சத்தை மறைத்தவை. அப்படியும் மரங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றன.

அன்று டெஸ்மண்ட் கூடையும் ஏணியுமாக வந்தான். ஹியர்ஃபோர்டு பக்கம் கிறிஸ்துமஸ் ஏலத்துக்கு, வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடும் ஆப்பிள் மரத்துப் புல்லுருவிதான் சரக்கு. வெள்ளைக் காய் குலுங்கும் கொத்துக்கு அப்படியொரு கிராக்கி.

"என்னடி, மூணு வருஷமா முடி வெட்டிவிடுறே. ஒண்ணாவது பூத்துச்சா?" என்றான் மேலேயிருந்து.

"நீ புல்லுருவி பறிக்க வந்தியா, என் வாயைப் பிடுங்க வந்தியா?"

காய்த்த கொத்துகளை ஒன்றுவிடாமல் அறுத்துப் போட்டான். க்ளெனிஸ் அண்ணாந்து பார்த்தாள். இலை உதிர்ந்த மரம் இன்னமும் பச்சைப்பசேல் என்றிருந்தது.

"அண்ணே, அதையெல்லாம் ஏன் விட்டுட்டே?"

"அது ஆண் செடிடி. காய்க்காது. யாரு வாங்குவா? அப்பா காலத்துலேருந்தே நாம அதைத் தொட்டதில்லையே."

சொன்னவன் கை அப்படியே நின்றது.

க்ளெனிஸுக்கும் உறைத்தது. கிறிஸ்துமஸுக்கு அறுப்பதைத் தவிர புல்லுருவிமேல் கத்தி வைக்கும் வழக்கமே அங்கே யாருக்கும் இல்லை. அவளும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வெட்டியிருந்தாள். வருஷாவருஷம் பெண் செடி சந்தைக்குப் போக, ஆண் செடி மரத்தை உறிஞ்சிக் கொழுத்திருக்கிறது.

"பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்துட்டு, மாப்பிள்ளைங்களை வீட்டோட வெச்சு சோறு போட்டிருக்கோம்!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. இனி வெட்டினாலும் இந்த வசந்தத்துக்குள் மரம் தேறாது.

டெஸ்மண்ட் வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போயிருந்தால் தோட்டம் அவன் இஷ்டப்படி ஆகியிருக்கும். ஆனால் அவன் முகம் தொங்கிப்போனது. மரம் கிழடாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன்தான்.

"அந்த ரம்பத்தைக் குடு," என்றான்.

புல்லுருவி வேரோடியிருந்த கிளையை அடியோடு அறுத்தான். அடுத்த கிளைக்குத் தாவினான். சட்டை கிழிந்ததையும் பார்க்கவில்லை. மரத்தடியில் பச்சை மலையாகக் குவிந்தது.

"வர்ற வசந்தத்துல பூக்காதுண்ணே," என்றாள் க்ளெனிஸ். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியும்."

"அப்போ மெஷின்?"

"வரட்டும். இவ்வளவு குப்பையை நீயும் நானுமா அள்ளப்போறோம்? ஏணியைப் பிடிடி, ஆடுது."

க்ளெனிஸ் இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கண் நிறைந்து, மேலே அண்ணன் இருந்த இடமே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.