ஏறிருச்சு மதினி

கௌதம்ராஜ் அண்ணன் பறக்கிற நாளில், விமானம் மேலே ஏறும்வரை யோகேஸ்வரி மதினி விளக்குமாற்றைத் தொடமாட்டார். ஆள் ஊருக்குக் கிளம்பியதும் வீடு கூட்டக் கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். மதினி அதைச் சரக்கு விமானத்துக்கும் சேர்த்துவிட்டார். அண்ணன், என் பெரியப்பா மகன். வளைகுடாவில் வேலை. சரக்கை எடை பார்த்து ஏற்றி, பட்டை போட்டு இறுக்கி, அதே விமானத்தில் கூடவே போக வேண்டும்.

"நீ ஸ்ரீவில்லிபுத்தூர்ல கூட்டுனா தூசி என் மேலயா வந்து விழுகப்போவுது?" என்று அண்ணன் போனில் கேலி செய்வார். மதினி காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

விமானம் ஏறியதும் மதினிக்குச் சொல்வது என் பொறுப்பு. எனக்கு விமானம் என்றால் கிறுக்கு. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை. மேசையில் துணி, துணிக்குப் பக்கத்தில் போன், போனில் உலகத்து விமானமெல்லாம் மஞ்சள் மஞ்சளாக ஊரும் ஆப்.

"ஏலே முத்துப்பாண்டி, நீ துணி மடிக்கியா, பிளேன் ஓட்டுதியா?" என்பார் சூப்பர்வைசர் ஐயாதுரை.

அன்று மதியம் இரண்டு பதினொன்று. அண்ணனின் விமானம் ஓடுதளத்தில் ஓட ஆரம்பித்தது. வேகம் அறுபது, தொண்ணூறு, நூற்றுப் பத்து. உயரம் சைபர். எனக்கு எப்போதும் பொறுக்காது. அழைத்துவிட்டேன்.

"கிளம்பிருச்சு மதினி!"

"மேல ஏறிருச்சா?"

"ஏறிருச்சு, ஏறிருச்சு. வெளக்கமாத்த எடுங்க."

"நல்ல வேள. எங்கம்மா வாராவ. வீடு கெடக்க கெடயப் பாத்தா அம்புட்டுத்தான்" என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

போனைப் பார்த்தேன். உயரம் நானூற்று எழுபத்தைந்து அடி. பிறகு முந்நூறு. பிறகு அந்த மஞ்சள் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போயிருக்கும் என்று ஐந்து தடவை மூடித் திறந்தேன். ஒரு பெட்டியை ஒட்டி முடித்தேன். அடுத்த பெட்டியையும் ஒட்டினேன்.

இரண்டே முக்காலுக்கு அப்துல் ஹமீது அண்ணன் அழைத்தார். சேத்தூர்க்காரர், அண்ணனோடு ஒரே அறையில் இருப்பவர்.

"முத்து, எடது பக்க எஞ்சின் ஏறும்போதே நின்னுபோச்சாம்லே. நாலு பேர்ல ஒருத்தரும் இல்ல. கம்பெனியில சொல்லிட்டாவ. யோகேஸ்வரிகிட்ட எனக்குச் சொல்ல வரலடா."

"நான் போறேன்" என்றேன்.

பைக்கில் போகும்போது அழுகை வரவில்லை. கணக்குதான் ஓடியது. ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் விமானத்தை நிறுத்த முடியாது, எஞ்சின் போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும். நான் அழைத்தபோது நூற்றுப் பத்து. அப்போது இன்னும் நிறுத்தியிருக்கலாம். முன்னால் போன டவுன் பஸ்ஸின் பின்பக்க எண்ணை இரண்டு தடவை வாசித்தேன்.

வீடு பளிச்சென்று இருந்தது. மதினியின் அம்மா இன்னும் வந்திருக்கவில்லை.

"என்ன முத்து, இந்நேரத்துல? லீவா?"

சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏறிருச்சுன்னு சொன்னியே."

போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

"நான் கூட்டும்போது மேலதான இருந்துச்சு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"ஓடிக்கிட்டு இருந்துச்சு மதினி. ஏறிரும்னு நெனச்சு நான்தான் முந்திச் சொல்லிட்டேன்."

மதினி என்னைத் திட்டவில்லை. கதவு மூலையில் முறம் இருந்தது, கூட்டிய குப்பையோடு. அதை எடுத்து வந்து நடு வீட்டில் கவிழ்த்தார். குத்தவைத்து, முடியும் மண்ணும் வெங்காயத் தோலுமாகக் கிடந்ததைக் கையால் தரையெங்கும் பரப்பினார். கட்டிலுக்கு அடியில்கூடத் தள்ளினார்.

"வெளிய கொட்டல" என்றார். "இன்னும் வெளிய கொட்டல முத்து. போன எடு. இப்பப் பாரு."

எடுத்தேன். பார்த்தேன்.