மூணாவதா கேக்கணும்

ஆசையின் விலை ஐந்நூறு ரூபாய். உத்திரமேரூர் பஜாரில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் லோகநாதன் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விலை இது. சேலையைப் பார்த்ததும் கண் விரிந்தால், அந்தக் கண்ணுக்காகக் கடைக்காரன் ஐந்நூறு ஏற்றிவிடுவான். லோகநாதனுக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருஷமாக ஏற்றிக்கொண்டிருப்பவரே அவர்தான்.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம். பிடித்ததை முதலில் தொடக்கூடாது. பிடிக்காத ஒன்றை எடுத்து ஆகா ஓகோ என்று புரட்ட வேண்டும். பிறகு இன்னொன்று. எழுந்து கிளம்புகிறபோது, போகிற போக்கில், "அது இன்னா வெலை?" என்று மூன்றாவதாகக் கேட்க வேண்டும். மூஞ்சி விளக்கெண்ணெய் குடித்தது போல் இருப்பது அவசியம்.

பெண் பார்க்கப் போன வீட்டிலும் அவர் சட்டத்தை மீறவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "பொண்ணு பரவால்ல" என்றார். உள்ளேயிருந்து லீலாவதி, "மாப்ளை சுமாரு" என்றாள். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். இன்றுவரை இருவருமே அந்த மதிப்பை உயர்த்தவில்லை.

மகள் சுபாஷ்ரீ ஐந்து வயதில் திருவிழாக் கூட்டத்தில் பலூன் கேட்டு அழுதாள். "அழுதியா? பத்து ரூபா பலூன் இருபது ரூபா ஆயிடிச்சி பாரு" என்றார் லோகநாதன். அதற்கப்புறம் அவள் எதற்கும் அழவில்லை. ஒன்பதாவது படிக்கும்போது சைக்கிள் வேண்டியிருந்தது. முதலில் ஸ்கூட்டியைப் பற்றிப் பேசினாள். அடுத்து செல்போன். மூன்றாவதாக சைக்கிள். ஒரு வாரத்தில் சைக்கிள் வந்தது. அப்பாவுக்கு விஷயம் புரிந்தது என்று மகளுக்கும், மகள் தேறிவிட்டாள் என்று அப்பாவுக்கும் பரம திருப்தி.

அந்த சைக்கிளில் ஒருநாள் பெருநகர் கிராமம் வரை போனவள் ஆற்றுப்பால வேலையைப் பார்த்தாள். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் இன்ஜினீயர், பத்து ஆம்பிளைகள் நடுவில் நின்று, "இந்தத் தூண் எனக்கு வேணாம். இடிச்சிட்டு வேற போடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். வேண்டியதையும் வேண்டாததையும் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறாள்; யாரும் விலையை ஏற்றவில்லையே! சுபாஷ்ரீ வாயைப் பிளந்து நின்றாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆனால் வீட்டில் சொல்லவில்லை. பிடித்ததை எப்படிச் சொல்வது?

பிளஸ் டூவில் நல்ல மார்க். இன்ஜினீயரிங் கலந்தாய்வு வந்தது.

"இன்னா படிக்கப் போற?" என்றார் லோகநாதன்.

"எதுனாச்சும், நைனா. பீங்கான் டெக்னாலஜின்னு ஒண்ணு கீது, சூப்பரா இருக்குமாம். இல்லாட்டி தோல் டெக்னாலஜி. சென்னைல சிவில் கூட கீது போல."

மூன்றாவது! லோகநாதனுக்கு நெஞ்சு நிறைந்தது. வெளியே கொட்டாவி விட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஏஞ்சல்தான் ஊர்ப் பிள்ளைகளுக்கு விருப்பப் பட்டியல் போட்டுக்கொடுப்பவள். அப்பாவும் மகளும் அவள் எதிரே உட்கார்ந்தார்கள்.

"மொத விருப்பம் சொல்லுங்கண்ணா."

"பீங்கான். தெக்கால கோடியில ஒரு காலேஜ் கீதாமே, அது. ரெண்டாவது தோல். மூணாவதா, சும்மா ஒரு பேச்சுக்கு, சென்னை சிவிலைப் போட்டு வையி."

ஏஞ்சல் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அண்ணா, மேல இருக்கறதைத்தான் அது மொதல்ல பாக்கும். இந்த மார்க்குக்கு சிவிலே கெடைக்கும். அதை மேல போடுங்க."

"எங்கடையிலயும்தான் 'ஒரே விலை'ன்னு போர்டு மாட்டிக்கினு கீறேன். எவன் நம்பறான்?"

"இது கம்ப்யூட்டருண்ணா."

"கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒர்த்தன் ஒக்காந்துக்கினு இருப்பான் இல்ல? நம்ம ஆசையை அவன்கிட்ட ஏம்மா காட்டணும்?"

ஏஞ்சல் சுபாஷ்ரீயைப் பார்த்தாள். "நீயாச்சும் சொல்லு, கண்ணு."

சுபாஷ்ரீ விதிமுறைகளை முழுக்கப் படித்திருந்தாள். ஏஞ்சல் சொல்வது சரி என்று தெரியும். பக்கத்தில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க இரண்டு பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் 'வேணும்' என்று எப்படிச் சொல்வது? அது அவள் வீட்டில் பேசாத பாஷை.

"நைனா சொல்றதே போடுங்கக்கா" என்றாள்.

கம்ப்யூட்டர் பேரம் பேசவில்லை. 'உங்கள் முதல் விருப்பமே கிடைத்துள்ளது, வாழ்த்துகள்' என்றது.

"பீங்கான்னா இன்னாங்க, கப்பு சாசரா?" என்றாள் லீலாவதி. "கப்பு சாசரை நாலு வருஷமா படிப்பாங்க?"

சுபாஷ்ரீ அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னாள். லோகநாதன் மட்டும் கலங்கவில்லை. கிடைத்த சீட்டுக்கு 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று ஏதாவது ஒன்றை மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் அழுத்த வேண்டுமாம். "ஒண்ணும் அழுத்தக்கூடாது. கடையை வுட்டு பத்தடி நடக்கணும். தன்னால பின்னாடியே கூப்டுவான்" என்றார்.

மறுநாள் கடையில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தென்னேரியிலிருந்து வந்த இரண்டு அம்மாக்கள் முகூர்த்தச் சேலையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சுபாஷ்ரீ சேலை மடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. ஏஞ்சல்.

"அண்ணா, இன்னா பண்ணிக்கினு கீறீங்க? ஒண்ணும் அழுத்தலைன்னா கலந்தாய்வை வுட்டே வெளிய தள்ளிடும். அப்புறம் பீங்கானும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

லோகநாதன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளிடம் கிசுகிசுத்தார். "பாத்தியா? எறங்கி வராங்க."

சுபாஷ்ரீ கையிலிருந்த சேலையைக் கீழே போட்டாள்.

"நைனா, எனுக்கு சிவில் வேணும்."

"மெள்ள, மெள்ள. ஆளுங்க கீறாங்க."

"சிவில்தான் வேணும். மொதல்லேர்ந்தே அதான் வேணும். பாலம் கட்டணும் எனுக்கு!"

தென்னேரி அம்மாக்களில் மூத்தவள் சேலையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "கொயந்தை வாயைத் தொறந்து கேக்குது. குடுத்துடேன்பா."

சுபாஷ்ரீ அப்பா கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். "அக்கா, 'வேணாம், அடுத்த சுற்று' அழுத்துங்க. ஓ.டி.பி. இதுலதான் வரும், சொல்றேன்."

ஐந்தடிக்கச் சில நிமிஷங்கள் இருக்கும்போது காரியம் முடிந்தது. தென்னேரி அம்மாள் கையிலிருந்த சேலையைக் காட்டி, "எனுக்கும் இதான்பா வேணும்" என்றாள். லோகநாதன் இருந்த குழப்பத்தில் உள்ள விலையைச் சொல்லிவிட்டார்.

அடுத்த சுற்றில் சுபாஷ்ரீ தானே பட்டியல் போட்டாள். வரிசையாக எல்லாமே சிவில். ஆனால் சென்னை சீட்டு போய்விட்டிருந்தது. அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கிய யாரோ அதை முதல் விருப்பமாகப் போட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் வீட்டில் சேலை வியாபாரம் இல்லை போலிருக்கிறது. இவளுக்கு வேலூர் தாண்டி ஒரு கல்லூரி கிடைத்தது. சிவில்தான்.

ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்க அப்பாவும் மகளும் பஜாருக்குப் போனார்கள். லோகநாதன் ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து ஆகா ஓகோ என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, அந்த நீலப் பெட்டி எனுக்கு ரொம்பப் புடிச்சிக்கீது" என்றாள் சுபாஷ்ரீ.

லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுப் பழகாத கடைக்காரர் சற்றுத் தடுமாறி, "ரெண்டாயிரத்து முன்னூறு" என்றார். சரக்கு ஆயிரத்து எண்ணூறு தாண்டாது. லோகநாதன் வாயைத் திறந்தார். மகள் பெட்டியை அதற்குள் கட்டிப்பிடித்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணி வைத்தார்.

தெருவில் இறங்கியதும் பொறுக்கவில்லை. "ஒத்தை வார்த்தைக்கு ஐந்நூறு ரூபா. உன் கணக்குல எழுதிக்கிறேன்."

"எழுதிக்கோ நைனா. சென்னை சீட்டு உன் கணக்குல கீது. அதுல கழிச்சிக்கோ."

லோகநாதன் பஸ் ஸ்டாண்டு வரை கழித்துக்கொண்டே வந்தார். ஐந்நூறு போனது. மீதி அப்படியே அவர் பக்கம் பாக்கி நின்றது.