வானகரம் சிக்னலில் நின்ற சிவப்புக் கார்

ரேணுகா மூன்று வருஷமாக இந்த போனுக்காகத்தான் காத்திருந்தாள் என்று சொன்னால் தப்பில்லை. பேசியது கார் சேனல் நடத்தும் பிரசன்னா. பழைய இத்தாலியன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும் இந்தக் காலத்து வேகமான சின்னக் காரான டர்போ ஹாட்ச்பேக் ஒன்றையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்து வீடியோ போடப் போகிறானாம். ஹாட்ச்பேக்குக்கு அவளுடைய வண்டி வேண்டும். இத்தாலியன் கார் அவளுடைய பழைய முதலாளி கிரணுடையது.

அந்தச் சிவப்புக் காரின் எஞ்சினை, அம்பத்தூர் எஸ்டேட்டில் கிரணின் ஷெட்டில், இரண்டு வருஷம் பிரித்துக் கோத்தவள் அவள். கண்காட்சியில் பரிசு வாங்கிய அன்று யாரோ அவளைக் காட்டி விசாரித்தபோது, "அந்தப் பொண்ணா? வண்டி கழுவ வரும்" என்றான் கிரண். எஞ்சினைக் கட்டியது தான்தான் என்றும் சொல்லிக்கொண்டான். மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பருத்திப்பட்டில் சொந்தமாக ஷெட் போட்டாள்.

"வரேன்" என்றாள் பிரசன்னாவிடம். "ஆனா காலி ரோட்ல மட்டும் ஓட்னா எப்டி? ஆபீஸ் போற ரோட்லயும் ஓட்டுங்க. பூந்தமல்லிலேர்ந்து வானகரம், காலைல ஒம்போது மணிக்கு மேல."

கிரண் அந்தக் காரை ஞாயிற்றுக்கிழமை விடியலில் தவிர வெளியே எடுத்ததே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மே மாத வெயில். முதலில் பைபாஸில் ஓட்டினார்கள். பிரசன்னா சிவப்புக் காரில் சொக்கிப்போனான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோடே கைக்கு வருகிறது என்றான். ஹாட்ச்பேக் வேகம்தான், ஆனால் மனசில் ஒன்றும் நிற்கவில்லை என்றான். ரேணுகா மறுக்கவில்லை. அது உண்மை.

வானகரம் சிக்னலில் லாரிகளுக்கு நடுவே இருபது நிமிஷம் நின்றதும், சிவப்புக் காரிலிருந்து புகை கிளம்பியது. நெரிசலில் தானே ஓட்டிவந்த கிரண் எஞ்சினை அணைத்துவிட்டு பானெட்டைத் தூக்கிக் கையைச் சுட்டுக்கொண்டான். பின்னால் ஒரே ஹார்ன். ரேணுகா ஏசி காரிலிருந்து நிதானமாக இறங்கி வந்தாள்.

"ரேணுகா, என்ன பண்றதுன்னு சொல்லு."

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் வண்டி கழுவ வந்தவ."

அவன் பிரசன்னாவின் கேமராவைப் பார்த்தான். "அதை ஆஃப் பண்ணச் சொல்லு."

"ஓடட்டும். இந்த எஞ்சின யார் கட்னதுன்னு சொல்லுங்க. அப்பறம் கைய வெக்கிறேன்."

உள்ளே இரும்பு டிக் டிக்கென்று சூட்டில் முனகியது. ஒவ்வொரு பிஸ்டனையும் துடைத்து இறக்கியவள் அவள். ஆனாலும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

"இவங்கதான் கட்டினாங்க" என்றான் கிரண், தரையைப் பார்த்து. "ரேணுகா. நான் இல்ல."

அவள் காருக்குள் குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்த சின்ன சுவிட்சைத் தட்டினாள். எஞ்சினைக் குளிர வைக்கும் ஃபேன் சுழல ஆரம்பித்தது.

"தானா ஓடாது, சூடு ஏறச்சொல்லோ நீங்கதான் போடணும்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க போன்ல பேசிகினு இருந்தீங்க."

வீடியோவில் பிரசன்னா சிவப்புக் காரைத்தான் ஜெயிக்க வைத்தான். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மறுவாரம் கிரணின் மேனேஜர் கூப்பிட்டார். அன்றைய சூட்டில் எஞ்சின் கேஸ்கெட் போய்விட்டதாம், வேறு யாரும் தொடப் பயப்படுகிறார்களாம்.

"இங்க ஆள் இல்லீங்க" என்று வைத்துவிட்டாள். கிரணை நினைத்து ஒரு துளி வருத்தமும் வரவில்லை. வண்டியை நினைத்துத்தான் அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.