போன் டியூட்டி

காலரை மூன்றாவது முறையாக இஸ்திரி போட்டார். மடிப்பு விழுந்த மாதிரியும் இருந்தது, விழாத மாதிரியும் இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் மனசு ஆறும். இன்றைக்கு மூன்றாவது தடவைக்கும் ஆறவில்லை.

"மாமா, நல்ல துணியா எடுத்து வெச்சிருக்கேன். யூனிபார்ம் சட்டையோடயா அக்காவை அனுப்பப் போறீங்க?" மனைவியின் தங்கை அறை வாசலில் நின்று கேட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் இதைப் போட்டுட்டுத்தானே வீட்டை விட்டுக் கிளம்பினா. இன்னைக்கும் அப்படியே கிளம்பட்டும்."

சிறுநீரக நோயாளிகளை வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேனை அவர் மனைவி ஓட்டினாள். ஏறி இறங்குகிறவர்கள் அவளுக்கு வைத்த பேர் பைலட்டம்மா. நேற்றுக் காலை பத்தேகாலுக்கு, எதிரே வந்த கார் ஒன்று நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் ஏறிவிட்டது. ஓட்டியவன் செல்போனில் ஏதோ தட்டிக்கொண்டு வந்தானாம், அவனே ஒப்புக்கொண்டான். பைலட்டம்மா ஸ்டியரிங்கை ஒடித்து இடியைத் தன் பக்கத்துக் கதவில் வாங்கிக்கொண்டாள். வேனில் இருந்த ஐந்து பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று.

வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். கேட்கக் கேட்க அவருக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்தது. நிமிர்ந்த இடத்திலேயே ஒரு முள்ளும் குத்தியது.

பத்து பன்னிரண்டு, பத்து பதின்மூன்று, பத்து பதினான்கு. அவர் அவளைக் கூப்பிட்ட நேரங்கள். நகவெட்டி எங்கே என்று கேட்பதற்காக. அவள் எடுக்கவில்லை, அது தெரியும். ஆனால் எடுத்தால்தானா? மணி அடித்ததும் ஒரு கணம் குனிந்து பார்த்திருந்தால்? பைக்குள் கையை விட்டிருந்தால்? ஆஸ்பத்திரியில் கொடுத்த அவளுடைய பையில் கண்ணாடிக்கூடும் சீப்பும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. போன் இல்லை. கையில் வைத்திருந்து எங்காவது தெறித்துப்போயிருக்குமோ?

யாரிடமும் அவர் சொல்லவில்லை.

வாசல் பக்கம் யாரோ, "இந்தம்மாவும் போன்ல இருந்திருப்பாங்களோ என்னமோ, யார் கண்டா?" என்றது காதில் விழுந்தது.

தங்கை பாய்ந்து போனாள். "யாருங்க அது? வண்டி ஓட்டறப்போ எமனே கூப்பிட்டாலும் எங்க அக்கா எடுக்க மாட்டா!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் வேனில் இருந்த ஐந்து பேரும் வந்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. முன்னால் வந்த தையல்கார அம்மாளுக்குக் கையில் கட்டு. கட்டுப் போட்ட கையாலேயே ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். உள்ளே பைலட்டம்மாவின் போன். ஒரு கீறல்கூட இல்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். நேத்தே குடுத்திருக்கணும்."

"உங்ககிட்ட எப்படி?"

"நேத்து போன் டியூட்டி என்னோடது. முன்சீட்டுல யார் ஏறினாலும் அவங்க மடியில போனைப் போட்டுட்டுத்தான் சாவியைத் திருகுவாங்க. அடிச்சா யாருன்னு நாங்க படிச்சுச் சொல்லணும், அவ்வளவுதான். வண்டி நின்னப்புறம்தான் பேச்சு."

அவர் போனைத் திருப்பிப் பார்த்தார். "நேத்து அடிச்சுதா?"

"மூணு தடவை. 'ரெண்டாம் பார்வை'ன்னு வந்துச்சு."

அவள் தனக்கு அப்படிப் பேர் வைத்திருந்தது அவருக்கு இப்போதுதான் தெரியும்.

"விடாம கூப்பிடுறாரே, ஏதாவது அவசரமோன்னு கேட்டேன். 'என்ன அவசரம்! இன்னைக்கு அவருக்கு லீவு, நகம் வெட்ட உக்காந்திருப்பார். நகவெட்டி கண்ணாடிக்குப் பின்னால ஆணியில தொங்குது. தேடட்டும், நல்லாத் தேடட்டும்'னாங்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம் சார். அடுத்த வளைவுலதான்..."

"போனைத் திரும்பிப் பார்த்தாளா?"

"இல்ல சார். கண்ணு ரோட்டுலதான்."

"ஒரு தடவைகூட?"

பின்னால் நின்ற பெரியவர் மெல்ல, "பேர் சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்றார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவர் அறைக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினார். இருந்தது. எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டார். பிறகு சட்டையை எடுத்தார். காலரைத் திரும்பப் பார்க்கவில்லை.

அமரர் ஊர்தியில் டிரைவருக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். தெருமுனை தாண்டியதும் டிரைவரின் சட்டைப்பையில் போன் அடித்தது. டிரைவரின் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டது.

"அதை இப்படிக் குடுங்க."

"ஆபீஸா இருக்கும் சார். எடுக்கலேன்னா காட்டுக் கத்தல் கத்துவாங்க."

"யாருன்னு நான் படிச்சுச் சொல்றேன். பேச்சு வண்டி நின்னப்புறம்."

டிரைவர் அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, போனைக் கொடுத்தார். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் நகம் நீளமாக வளர்ந்திருந்தது. மறுபடி அடித்தது.

"ஆபீஸ்" என்று படித்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"ஆபீஸ்தான்."

டிரைவரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.